செல்போன் காட்டும் மழை உங்கள் தோட்டத்து மழைதானா?

போன சித்திரையில் சுருளிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு திராட்சை விவசாயி போன் செய்தார். முதல் நாள் மாலைதான் பன்னீர் திராட்சைக்கு மேன்கோசெப் அடித்து முடித்திருக்கிறார். அன்று இரவே மதுரையில் மகள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் எழுந்து செல்போனைப் பார்த்தால், கம்பத்தில் 32 மி.மீ. மழை என்று காட்டியிருக்கிறது. அடித்த மருந்தெல்லாம் கழுவிப் போயிருக்கும் என்று ஆட்களுக்குப் போனிலேயே சொல்லி மறுபடியும் அடிக்க வைத்துவிட்டார். கூலிக்கு வந்தவர்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பிப் பார்த்தால், பந்தலுக்கு வெளியே வண்டிப்பாதையில் புழுதிகூட அடங்கவில்லை.

"மருந்துக் காசும் போச்சு, கூலியும் போச்சு. அந்த 32 மில்லி எங்கே சார் பெய்தது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த 32 மி.மீ. எங்குமே பெய்யாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் பதில். அது யாரோ அளந்து சொன்ன அளவு என்று அவர் நினைத்துக்கொண்டார். பெரும்பாலும் அது கணக்குப் போட்டு வந்த எண். இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, நம் கம்பம் பள்ளத்தாக்கில் அது எங்கே சரியாக வரும், எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொண்டால் மருந்துச் செலவிலும் தண்ணீரிலும் உங்களுக்கு மிச்சம் உண்டு.

அளக்கும் இடம் எத்தனை?

நாளிதழில் வரும் தேனி மாவட்ட மழையளவுப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். பெரியாறு அணை, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், வீரபாண்டி, போடிநாயக்கனூர், அரண்மனைப்புதூர், ஆண்டிபட்டி, வைகை அணை, பெரியகுளம், சோத்துப்பாறை, மஞ்சளாறு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இவை போக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்றாக மாநிலம் முழுவதும் 385 தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. தேனி மாவட்டத்தில் 8 வட்டாரங்கள். அண்மைக் காலத்தில் மாநில அரசும் மத்திய அரசும் மழைமானிகளைக் கூட்டும் திட்டங்களை எடுத்துள்ளன. 2023இல் தொடங்கிய 'விண்ட்ஸ்' என்ற மத்தியத் திட்டம் ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி என்பதையே இலக்காக வைத்திருக்கிறது. நல்ல காரியம்.

ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். வழக்கமான மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர்தான். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. அந்த வாயில் விழுந்த மழையை வைத்துத்தான் சுற்றியுள்ள பல கிராமங்களுக்கும் மழை சொல்கிறோம். இடையில் இருக்கும் உங்கள் தோட்டத்தை யாரும் அளப்பதில்லை. அளக்காத இடத்துக்கும் ஒரு எண் வேண்டுமென்றால், அளந்த இடங்களை வைத்துக் கணிக்க வேண்டியதுதான்.

16 பங்கு, 4 பங்கு, 1 பங்கு

இதற்குள்ள பழைய வழி எளிமையானது. 1911இல் தீசன் என்ற அமெரிக்கர் சொன்னது: உங்கள் வயலுக்கு எந்த மழைமானி கிட்டத்தில் இருக்கிறதோ, அதன் அளவுதான் உங்கள் அளவு. எல்லைக்கல் நட்டதுபோல ஊரைப் பிரித்துவிடும் முறை இது. எல்லைக்கு இந்தப் பக்கம் 40 மி.மீ. என்றால் ஒரு வரப்பு தாண்டினால் 10 மி.மீ. ஆகிவிடும்.

அதைவிடக் கொஞ்சம் நியாயமானது, தூரத்துக்கு ஏற்பப் பங்கு கொடுக்கும் முறை. பக்கத்தில் உள்ள மழைமானிக்கு அதிகப் பங்கு, தூரத்தில் உள்ளதற்குக் குறைந்த பங்கு. 1968இல் ஷெப்பர்ட் என்பவர் வகுத்தது. இந்திய வானிலைத் துறை 1901 முதலான நாட்டின் தினசரி மழையைக் கட்டம் கட்டமாகத் தயாரித்து 2014இல் வெளியிட்டபோது, 6955 மழைமானிகளின் பதிவுகளை வைத்து இந்த முறையில்தான் கணக்கிட்டது.

ஒரு கணக்குக்காக, உங்கள் தோட்டத்திலிருந்து 5 கி.மீ., 10 கி.மீ., 20 கி.மீ. தூரத்தில் மூன்று மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் 40 மி.மீ., இரண்டாவதில் 10, மூன்றாவதில் மழையே இல்லை. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சுமார் 17 மி.மீ. வரும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் பங்கு நாலில் ஒன்றாகக் குறையும் என்று வைத்துப் பாருங்கள். முதலாவதற்கு 16 பங்கு, இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 1. மொத்தம் 21 பங்கு. நாற்பதைப் பதினாறாலும் பத்தை நாலாலும் பெருக்கிக் கூட்டினால் 680. இருபத்தொன்றால் வகுத்தால் 32 மி.மீ.

அளவு அதேதான், மழைமானியும் அதேதான். கணக்கு மாறியதும் 17, 32 ஆகிவிட்டது. இதில் திராட்சைக்காரருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். மேன்கோசெப், போர்டோ கலவை போல இலைமேல் படிந்து காக்கும் மருந்துகளில், 25 மி.மீ. மழைக்கு ஏறத்தாழப் பாதி கழுவிப் போய்விடும், 50 மி.மீ. பெய்தால் பெரும்பகுதி போய்விடும் என்பது நடைமுறையில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. 17 என்றால் பொறுத்துப் பார்க்கலாம். 32 என்றால், அதுவும் அடிச்சாம்பல் நோய் எட்டிப் பார்க்கும் நேரமாக இருந்தால், திரும்ப அடித்தாக வேண்டும்.

இப்போது அந்த 5 கி.மீ. தூரத்து மழைமானி மலைமேல் இருந்தால்?

ஏலக்காடு வேறு, வாழைத்தோட்டம் வேறு

இங்கேதான் நம் பள்ளத்தாக்கு எந்தக் கணக்குக்கும் அடங்காமல் நிற்கிறது. கணக்குக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், மலை தெரியாது. லோயர்கேம்பிலிருந்து குமுளி காகம் பறக்கும் தூரத்தில் மிகப் பக்கம். ஆனால் நடுவில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரம் நிற்கிறது. தினமும் ஜீப்பில் கம்பமெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். ஆனி, ஆடியில் மேலே சாரல் விடாது, கீழே இறங்கினால் வெயிலும் காற்றும்தான். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, நமக்கு வெறும் காற்றாக வருகிறது. நம் வயலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை.

வானிலைத் துறை தயாரித்த அந்தக் கட்டங்களில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 27 கி.மீ. அவ்வளவு பெரிய ஒரு கட்டத்துக்குள் வண்டன்மேட்டு ஏலக்காடும் கம்பத்து வாழைத்தோட்டமும் ஒன்றாக அடங்கிவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண். அந்த எண் மேலே இருப்பவருக்குக் குறைவு, கீழே இருப்பவருக்கு அதிகம். இரண்டு பேருக்கும் பொருந்தாது. நாடு முழுவதற்கும் வறட்சி, வெள்ளம் பார்க்க அது அருமையான ஆவணம்; நானே வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஒரு ஏக்கர் திராட்சைக்கு மருந்தடிக்கலாமா என்று பார்க்க அது தயாரிக்கப்படவில்லை.

பெரியாறு, தேக்கடி மழையளவை நாம் தினமும் பார்ப்பதற்கு வேறு காரணம் உண்டு. 1895 முதல் பெரியாறு அணைத் தண்ணீர்தான் நம் வாய்க்காலில் ஓடுகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பதை அந்த மழைதான் சொல்லும். நாற்றங்கால் போட அந்த எண்ணைப் பாருங்கள். பந்தலுக்கு மருந்தடிக்க அந்த எண்ணைப் பார்க்காதீர்கள்.

தங்கச் சுரங்கத்திலிருந்து வந்த கணக்கு

மலையையும் சேர்த்துக் கணக்குப் போட வழியே இல்லையா? உண்டு. அதன் பெயர் கிரிகிங். டேனி கிரிக் என்ற தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1951இல் இதற்கு வித்திட்டார். தங்கச் சுரங்கத்தில் நாலைந்து இடத்தில் துளையிட்டுப் பார்ப்பார்கள். துளையிடாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்பதுதான் அவருடைய கவலை. பிறகு பிரான்சைச் சேர்ந்த மாத்தெரோன் அதை முழுமையான கணித முறையாக்கி, கிரிக்கின் பெயரையே வைத்தார்.

போர் போடுவதற்கு முன் நீங்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பீர்கள். அரை மைல் தள்ளி இருப்பவரையும் கேட்பீர்கள், ஆனால் அவர் சொன்னதை அவ்வளவாக நம்பமாட்டீர்கள். எவ்வளவு தூரம் வரை நம்பலாம் என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். கிரிகிங் அந்த அனுபவத்தைப் பழைய பதிவுகளிலிருந்து எடுக்கிறது. மழைமானிகளை இரண்டிரண்டாக எடுத்து, இவ்வளவு தூரத்தில் உள்ள இரண்டுக்கும் வித்தியாசம் வழக்கமாக எவ்வளவு என்று பார்க்கிறது. கிட்ட இருப்பவை ஒத்துப்போகும். தூரம் கூடக் கூட வித்தியாசமும் கூடும். ஒரு தூரத்துக்கு மேல் ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்காது. அதற்குத் தக்கபடி பங்கு பிரிக்கப்படுகிறது.

இன்னொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. ஒரே தெருவில் இரண்டு மழைமானி இருந்தால் இரண்டுக்கும் முழுப் பங்கு கொடுக்காது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து சொன்னால் அதை இரண்டு சாட்சியாக நாமும் எடுத்துக்கொள்வதில்லையே. உயரத்தையும் கணக்கில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் குமுளி மழை லோயர்கேம்புக்கு அப்படியே இறங்கிவராது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, தன் தவறின் அளவையும் அது சேர்த்துச் சொல்லும் என்பது. 32 மி.மீ., ஆனால் 20 கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லும். அதாவது 12ஆகவும் இருக்கலாம், 52ஆகவும் இருக்கலாம். இதைத் தெரிந்தவர் மறுபடி மருந்தடிக்க அவசரப்பட மாட்டார், யாரையாவது தோட்டத்துக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார். நம் செல்போனுக்கு வரும்போது 32 மட்டும் வருகிறது. அந்த 'கூடவோ குறையவோ' வழியிலேயே தொலைந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், விவசாயிக்கு எண்ணைவிட அதுதான் முக்கியம்.

எந்த மழைக்கு நம்பலாம்?

வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவாகி ஐப்பசியில் பெய்யும் மழை பரந்து பெய்யும். உத்தமபாளையத்தில் பெய்தால் சின்னமனூரிலும் பெரும்பாலும் பெய்திருக்கும், அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்த நாட்களில் பக்கத்து மழைமானியை ஓரளவு நம்பலாம். சித்திரை, வைகாசியில் மாலை இடியோடு வரும் கோடை மழை அப்படியல்ல. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறலும் இருக்காது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி உள்ள மழைமானிக்கு உங்கள் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. எந்தக் கணக்கு முறையாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சுருளிப்பட்டிக்காரர் ஏமாந்ததும் சித்திரையில்தான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாளிதழ்ப் பட்டியலில் உத்தமபாளையத்தின் அளவைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கூடலூரையும் வீரபாண்டியையும் வைத்து உத்தமபாளையத்தில் எவ்வளவு பெய்திருக்கும் என்று ஊகித்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். ஐப்பசியில் பத்து நாள், சித்திரையில் பத்து நாள் செய்தால் போதும். நாங்களும் ஆராய்ச்சியில் ஒரு கணக்கு முறை தேறுமா என்று இப்படித்தான் ஒவ்வொரு நிலையமாக மறைத்துவைத்துச் சோதிக்கிறோம்.

புகைக்கும் இதே கதைதான்

சில செயலிகள் இப்போது காற்றின் தரத்தையும் ஊர்வாரியாகக் காட்டுகின்றன. கம்பத்தில் காற்று நன்று, போடியில் சுமார் என்றெல்லாம் வரும். காற்று மாசை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் மதுரை, கோவை போன்ற நகரங்களில்தான் இருக்கின்றன. மழைமானியைவிட இவை மிகவும் குறைவு. ஆகவே கம்பத்துக்கான எண்ணில் கணிப்பின் பங்கு இன்னும் அதிகம். தூரத்துக் கருவிகள், செயற்கைக்கோள் படங்கள், காற்றோட்டக் கணினிக் கணக்கு மூன்றையும் பிசைந்து அதைத் தயாரிக்கிறார்கள். உலகம் முழுவதற்கும் பயன்படும் ஐரோப்பியக் கணினிக் கணக்கு ஒன்றின் கட்டம் சுமார் 40 கி.மீ. அகலம். நம் பள்ளத்தாக்கின் அகலமே அவ்வளவு கிடையாது.

செயற்கைக்கோளுக்கும் கண் மறைக்கும் நேரங்கள் உண்டு. மேகம் இருந்தால் கீழே உள்ள புகை தெரியாது. மாசு பார்க்கும் முக்கியச் செயற்கைக்கோள்கள் சில நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணி வாக்கில். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை தென்னை மட்டையையும் கரும்புச் சோகையையும் கொளுத்தினால், புகை மேலே எழும்பாமல் பாய் விரித்ததுபோல வயல்மேல் படுத்துக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேல் காற்று சூடாகவும் இருப்பதால் மூடி போட்டதுபோல ஆகிவிடுகிறது. மதியத்துக்குள் அது கலைந்துவிடும். செயற்கைக்கோள் வந்து பார்க்கும்போது வானம் தெளிவாக இருக்கும், செயலியும் 'நன்று' என்றே சொல்லக்கூடும். வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் அந்த எண்ணை நம்பி விடியலில் கொளுத்தாதீர்கள். கொளுத்தாமல் மட்டையைத் தூளாக்கி மூடாக்காகப் போடுவது மண்ணுக்கும் நல்லது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

புகை படுத்துக்கிடக்கும் நேரத்தில் மருந்தும் அடிக்கக் கூடாது. நுண்ணிய துளிகள் இலையில் படியாமல் அதே காற்றில் மிதந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் அடிப்பவர் மூக்குக்கும் போகும். இதைப் பார்க்கச் செயலி எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அடுப்புப் புகை நேராக மேலே போகிறதா, மட்டமாகப் படுக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பூஜ்யம் வேறு, கோடு வேறு

இன்னும் ஒரு சிக்கல், பதிவே இல்லாத நாட்கள். மழைமானி பழுதாகலாம், பாட்டரி தீரலாம், அளப்பவர் விடுப்பில் போகலாம். இதில் மோசமானது, கருவி பெருமழை நாளில் படுத்துவிடுவது. இடி விழுவதும் மின்சாரம் போவதும் அந்த நாட்களில்தான். அந்த நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் அந்த ஊரில் மழையே குறைவு என்பதுபோலத் தோன்றும். அளக்காத நாளில் பூஜ்யம் என்று எழுதிவைப்பது அதைவிடக் கெடுதல். பூஜ்யம் என்றால் பார்த்தேன், மழை இல்லை என்று அர்த்தம். பார்க்கவில்லை என்றால் கோடு போட வேண்டும்.

பயிர்க் காப்பீட்டிலும் இது கைவைக்கிறது. வானிலையை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டில் இழப்பீட்டை முடிவுசெய்வது உங்கள் வயல் அல்ல, உங்கள் பகுதிக்கென்று குறித்த வானிலை நிலையத்தின் பதிவு. அந்த நிலையம் எது, எவ்வளவு தூரம், மலைப்பக்கமா கீழேயா என்று பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வயலில் நீர் தேங்குதல் போன்ற தனி வயல் பாதிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கே நிலையப் பதிவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் ஒரு மழைமானி

இவ்வளவு கணக்கும் எதற்கு? நடுவில் ஒரு புள்ளி இல்லாததால். அந்தப் புள்ளியை நீங்களே வைத்துவிடலாம்.

வாயின் குறுக்களவு 16 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்று, 5 லிட்டர் கேன் ஒன்று, மருந்து அளக்கும் மில்லி குவளை ஒன்று. அந்தப் புனலின் வாய்ப்பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. ஆகவே கேனில் சேரும் ஒவ்வொரு 20 மில்லி தண்ணீரும் 1 மி.மீ. மழை. 640 மில்லி இருந்தால் 32 மி.மீ. வேறு அளவுப் புனல் என்றால் வாய்ப்பரப்பைக் கணக்கிட்டுப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அத்தனை மில்லிக்கு 1 மி.மீ. கேனைப் பாதி மண்ணில் புதைத்துப் புனலின் வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மட்டமாக இருக்கும்படி வையுங்கள். பந்தலுக்கு அடியிலோ தென்னைக்குப் பக்கத்திலோ வேண்டாம். மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து தேதியோடு எழுதிவிட்டுக் கேனைக் காலி செய்யுங்கள். அரசு நிலையங்கள் அளப்பதும் அந்த நேரத்தில்தான், பிறகு ஒப்பிட வசதியாக இருக்கும். ஊரில் இல்லாத நாளில் கோடு. திரும்பி வந்து இரண்டு நாள் மழையைச் சேர்த்து அளந்தால், சேர்த்து அளந்தது என்று எழுதுங்கள்.

2.5 மி.மீ. பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாளாகவே எண்ணும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 10 மி.மீ. பெய்த மறுநாளும் பழக்கத்தில் மோட்டாரைப் போட்டால் எவ்வளவு வீண் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நோட்டு காப்பீட்டுக்கு அதிகாரபூர்வ ஆவணம் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு கோடை முழுக்க எழுதினால், கூடலூர் மழைக்கும் உங்கள் மழைக்கும் சம்பந்தம் உண்டா, எந்த மாதத்தில் உண்டு என்பது தெரிந்துவிடும். ஒரே ஊரில் நாலைந்து பேர் நாலு திசையில் எழுதினால் இன்னும் நல்லது. அப்படி எழுதிய நோட்டுகள் இருந்தால் அடுத்த முறை ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். கோடு போட்ட நாட்களை அழிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.